மறுபிறவியில் வினை தொலையுமா?

யப்பானியத் தளபதி யமமோட்டோவுக்கு விஞ்ஞானக் கதை வழங்கிய விடுதலைத் தீர்ப்பு

செத்த தளபதிக்கு உயிர் கொடுக்கக் கதாசிரியனால் முடியும். அத்தளபதியின் குண்டுகளுக்கு இரையான மக்களுக்கு உயிர் கொடுக்க எந்தக் கதாசிரியனாலும் முடியாது. ஆகவே, தளபதியை மாத்திரம் எழுப்பி, அவருக்குப் புதிய உடல், புதிய புகழ், புதிய வெற்றி எல்லாவற்றையும் அளித்துவிட்டு, இறந்த மக்களை இருந்த குழியிலேயே விட்டுவிடும் கதையைப் பார்க்கும்போது, “இது யாருக்காக எழுதப்பட்டது?” என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தத் தளபதியின் விமானங்கள் கொழும்பின் மேலும் திருகோணமலையின் மேலும் பறந்தவை என்பதால், அவ்வுரிமை இலங்கைத் தமிழருக்கு இரட்டிப்பாக உண்டு.

1943 ஏப்ரல் 18ஆந் திகதி, பசிபிக் சமுத்திரத்திலுள்ள பூகன்வில் தீவின் மேலே, யப்பானிய இணைந்த கப்பற்படையின் பிரதம தளபதி யமமோட்டோ இசொரொக்கு சென்ற விமானத்தை அமெரிக்க யுத்த விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அவருடைய பயண விவரத்தைத் தாங்கிச் சென்ற இரகசியத் தந்தியை அமெரிக்கர் முன்னரே உடைத்து வாசித்திருந்தனர். காட்டிலே கண்டெடுத்த உடலை எரித்து, சாம்பலைத் தாயகம் கொண்டு சென்று, 1943 யூன் 5ஆந் திகதி டோக்கியோ நகரில் அரச மரியாதைகளுடன் இறுதிச் சடங்கு நடத்தினார்கள். வரலாறு அத்துடன் முடிந்தது.

அராமாகி யோஷியோ என்னும் விஞ்ஞானக் கதாசிரியர் அந்த முடிவிலிருந்தே தம் கதையைத் தொடங்கினார். 1990 தொடக்கம் 1996 வரை இருபது பாகங்களாக வெளிவந்த “கொன்பெக்கி நோ கந்தாய்” என்னும் அவருடைய நாவல் தொடருக்கு “கருநீலக் கப்பற்படை” என்பது பொருள். பூகன்விலில் விழுந்த தளபதி கண் விழிக்கின்றார். ஆண்டு 1905. இடம், ரஷ்யக் கப்பற்படையை யப்பான் முறியடித்த சுஷிமாக் கடற்போர் முடிந்த களம். அவர் மறுபடியும் இளைஞர். ஆனால் முந்திய வாழ்வின் நினைவு முழுவதும் நெஞ்சில் இருக்கின்றது. யமமோட்டோ குடும்பத்துக்குச் சுவீகாரம் போவதற்கு முன் அவர் தக்கானோ குடும்பத்துப் பிள்ளை. இந்த இரண்டாம் வாழ்விலும் அவர் தக்கானோவாகவே நிலைத்து நிற்கின்றார். தம்மைப் போலவே மறுபிறவி கண்ட வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு, போர்வெறியரிடமிருந்து ஆட்சியைப் பறிக்கின்றார். உலகம் அறியாத நீர்மூழ்கிக் கப்பற்படை ஒன்று உருவாகின்றது. பனாமாக் கால்வாய் தகர்க்கப்படுகின்றது. கதை வளர வளர யப்பான் ஹிட்லரை எதிர்த்து நிற்கும் நல்ல வல்லரசாகவும், ஆசிய நாடுகளின் தோழனாகவும் மாறிவிடுகின்றது. நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. 1993ஆம் ஆண்டு தொடக்கம் சித்திரப் படத் தொடராகவும் வந்தது. இதே வழியில் வேறு பலரும் எழுதினார்கள். கற்பனைப் போர்க்கதை என்று ஒரு தனிச் சந்தையே 1990களின் யப்பானில் உண்டாயிற்று.

விறுவிறுப்பான கதை என்பதை மறுக்க வேண்டியதில்லை. விறுவிறுப்புக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் வாதத்தையே நாம் எதிர்க்கின்றோம். அந்த வாதம் இதுதான்: “தளபதி நல்லவர், நடக்கப்போவது அவருக்குத் தெரியாமற் போயிற்று, தெரிந்திருந்தால் எல்லாம் வேறாக நடந்திருக்கும்.” இந்த மூன்று கூற்றுக்களில் நடுக்கூற்று பொய்யானது. நடுக்கூற்று பொய்த்தால், மற்றை இரண்டும் நிற்க இடமில்லை.

தெரியாமலா செய்தார்?

யமமோட்டோ அறியாமையில் வாழ்ந்த மனிதரல்லர். 1884இல் பிறந்த அவர், 1919 தொடக்கம் 1921 வரை அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் படித்தவர். பின்னர் வாஷிங்டன் நகரில் யப்பானியத் தூதரகத்தின் கடற்படை அதிகாரியாகக் கடமையாற்றியவர். அமெரிக்காவின் மோட்டார்த் தொழிற்சாலைகளையும் எண்ணெய்க் கிணறுகளையும் கண்ணாற் கண்டவர். அந்நாட்டோடு மோதினால் முதல் ஆறு மாதமோ ஓராண்டோ வெற்றி கிட்டலாம், அதன் பின்னர் எதற்கும் உறுதி கூற இயலாது என்று பிரதமர் கொனோயேயிடம் 1940ஆம் ஆண்டிலேயே சொன்னவர். யேர்மனியோடும் இத்தாலியோடும் கூட்டுச் சேர்வதை எதிர்த்தமைக்காகத் தீவிரவாதிகளின் கொலைப் பயமுறுத்தலுக்கு ஆளானவர். அந்தத் துணிவுக்குரிய மதிப்பை அவருக்குக் கொடுத்துவிடுவோம். நியாயம் பேசுகிறவன் எதிர்த்தரப்பின் கணக்கிலுள்ள வரவையும் வாசிக்க வேண்டும்.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் வாசியுங்கள். 1941 ஒக்டோபரில், பேர்ள் துறைமுகத்தைத் தாக்கும் திட்டம் ஆபத்தானதென்று டோக்கியோவிலிருந்த கடற்படைத் தலைமையகம் தயங்கிற்று. அப்பொழுது யமமோட்டோ என்ன செய்தார்? தம் பதவி அதிகாரி ஒருவரை டோக்கியோவுக்கு அனுப்பி, திட்டத்தை ஏற்காவிட்டால் தாம் பதவி விலகுவதாகத் தெரிவித்தார். தலைமையகம் பணிந்தது. 1942 ஏப்ரலில் மிட்வேத் தீவின் மீது படையெடுக்கும் திட்டத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. அப்பொழுதும் அதே ஆயுதம் நீட்டப்பட்டது; அப்பொழுதும் தலைமையகம் பணிந்தது.

வாசகர்கள் இந்த இடத்திற் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். பதவி விலகல் என்னும் ஆயுதம் அவருடைய கையில் இருந்தது. அது கூர்மையானதென்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இருமுறை அதைப் பிரயோகித்து இருமுறையும் வென்றார். தாம் அழிவென்று கண்ட போரைத் தடுப்பதற்காக அதை ஒருமுறையேனும் உறையிலிருந்து எடுத்தாரா? இல்லை. தம் போர்த்திட்டம் நிறைவேற வேண்டுமென்பதற்காகவே எடுத்தார். தம் சொந்தக் கருத்துக்கு நேர்மாறான காரியத்தை முழு மூச்சோடு செய்யவேண்டிய விசித்திர நிலையில் இருப்பதாக 1941இல் நண்பர் ஒருவருக்கு அவரே கடிதம் எழுதினார். விசித்திரம் ஏதுமில்லை. கூடாதென்று வாய் சொல்ல, ஆகட்டுமென்று கை செய்தது. உலகம் மனிதனை அளப்பது அவன் கையைக் கொண்டே.

ஆகவே, அராமாகியின் கதை தளபதிக்குக் கொடுக்கும் வரம் வீண் வரம். “எதிர்காலம் தெரிந்த யமமோட்டோ” என்று அக்கதை ஒருவரைப் படைக்கின்றது. அவர் முதற்பிறவியிலேயே இருந்தார். அவருக்கு இல்லாதிருந்தது “மாட்டேன்” என்று ஒரு சொல் சொல்லும் உறுதி. அந்த உறுதியை அவருக்குக் கொடுத்துப் பார்க்கும் கதையை யாரேனும் எழுதியிருந்தால், 1941 ஒக்டோபரில் அவர் பதவியைத் துறந்து வீட்டுக்குப் போயிருப்பார். அந்தக் கதை இருபது பாகம் ஓடாது, நீர்மூழ்கிகளும் இராது. ஆனால் உண்மைக்கு மிக அருகில் இருக்கும்.

தூய கடற்படை என்னும் பொய்

“குற்றமெல்லாம் தரைப்படையினுடையது, கடற்படையினர் கனவான்கள்” என்பது போருக்குப் பின் யப்பானில் வேரோடிய ஒரு நம்பிக்கை. தக்கானோவின் கதை முழுவதும் அந்த நம்பிக்கையின் தோளில் ஏறி நிற்கின்றது. அது எப்படி வேரோடிற்று என்பதற்கு ஒரு காரணம் தெளிவு. 1948இல் டோக்கியோ சர்வதேச நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்த ஏழு பேரில் ஆறு பேர் தரைப்படைத் தளபதிகள், ஒருவர் இராசதந்திரி. கடற்படை அதிகாரி ஒருவரேனும் அந்த ஏழு பேரில் இல்லை. கடற்படையின் தலைமை அதிகாரியாக இருந்த நாகானோ விசாரணை முடியுமுன் 1947இல் நோயால் இறந்தார். யமமோட்டோ அதற்கு முன்னரே இறந்துவிட்டார். விசாரிக்கப்படாதவனை நிரபராதியென்று எண்ணுவது மனித இயல்பு. அந்த இயல்பைப் பயன்படுத்திக்கொண்ட கதைகள் பல.

சான்றைப் பார்ப்போம். 1930களில் யப்பானியக் கடற்படையின் விமானப் பகுதியை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் யமமோட்டோ. நெடுந்தூரம் பறந்து குண்டு வீசும் கடற்படை விமானங்கள் அவருடைய ஊக்கத்தால் உருவாயின. 1937 ஓகஸ்டில் அவ்விமானங்கள் கடலைக் கடந்து சென்று நான்கிங் முதலிய சீன நகரங்களின் மேல் குண்டு பொழிந்தன. 1939 மே 3ஆந் திகதியும் 4ஆந் திகதியும் சுங்கிங் நகரின் நெருங்கிய குடியிருப்புக்களின் மேல் தீக்குண்டுகள் வீசப்பட்டு, அவ்விரு நாளில் மாத்திரம் ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர். வீசியவை தரைப்படை விமானங்களல்ல, கடற்படை விமானங்கள். அப்பொழுது டோக்கியோவிற் கடற்படை உதவி அமைச்சர் பதவியில் இருந்தவர் யார்? 1936 டிசெம்பர் தொடக்கம் 1939 ஓகஸ்ட் வரை அப்பதவியை வகித்தவர் யமமோட்டோ இசொரொக்கு. அமெரிக்காவோடு போர் வேண்டாமென்று அவர் சொன்னது உண்மை. சுங்கிங் மக்கள் மீது குண்டு வேண்டாமென்று சொல்லி அவர் பதவி விலகவில்லை என்பதும் உண்மை. வலியவனோடு மோதப் பயந்தவனை எளியவனுக்கு இரங்கியவன் என்று எண்ணிவிடலாகாது.

அந்தமான் தீவுகளை எடுத்துக்கொள்வோம். 1942 மார்ச் 23ஆந் திகதி யப்பானியர் அத்தீவுகளைக் கைப்பற்றினர். அங்கே ஆட்சி நடத்தியது கடற்படை. சந்தேகமும் சித்திரவதையும் மூன்றாண்டுகள் அத்தீவை ஆட்டிப் படைத்தன. 1944 யனவரி 30ஆந் திகதி, இந்திய சுதந்திரச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் 44 பேர் உளவாளிகளென்று குற்றஞ்சாட்டப்பட்டு, ஹம்பிரிகஞ்ச் என்னுமிடத்திற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்பொழுது யமமோட்டோ உயிரோடில்லை. அக்கொலையை அவர் தலையிற் சுமத்துவது நியாயமன்று. ஆனால் கனவான்களின் கடற்படை என்னும் கதையின் தலையில் அது கட்டாயம் சுமத்தப்பட வேண்டியது.

நம் கரைக்கு வந்த கப்பல்கள்

இனி நம்முடைய கணக்கு. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையைக் கைப்பற்றும் திட்டமொன்றை முன்வைத்தது யமமோட்டோவின் இணைந்த கப்பற்படைத் தலைமையகம். அதற்கு வேண்டிய சேனையைத் தர இயலாதென்று மறுத்தது தரைப்படை. “தரைப்படை கொடியது, கடற்படை நல்லது” என்று கதை கட்டுவோர் இந்த ஒரு செய்தியை எங்கே வைத்துக்கொள்வார்கள்? நம் மண்ணில் யப்பானிய ஆட்சி கால் வைக்காமற் போனதற்குத் தளபதியின் கருணை காரணமன்று. அவருடைய போட்டியாளரின் மறுப்பே காரணங்களில் ஒன்று.

படையெடுப்பு நடவாவிட்டாலும் தாக்குதல் நடந்தது. நாகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் நுழைந்தன. ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, கொழும்பு தாக்கப்பட்டது. அன்றே நடுக்கடலில் டோர்செற்ஷயர், கோர்ண்வோல் என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கின. அவற்றில் 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்காக எரிந்தது. அன்றே மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு ஆழ்ந்தது. வீற்றா என்னும் வைத்தியசாலைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் கடலிலிருந்து காப்பாற்றிற்று. இத்தனையும் நடந்த வேளையில் பிரதம தளபதி, தாயகக் கடலில், யமாட்டோ என்னும் மாபெரும் போர்க்கப்பலிலே வீற்றிருந்தார். கட்டளைச் சங்கிலியின் மேல்முனை அவர் கையில் இருந்தது.

கமக்காரருக்கு இதனிலும் பெரிய கணக்கொன்று உண்டு. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது; அதிலும் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச் 8ஆந் திகதி இரங்கூன் விழுந்தது. கடல்வழி அடைபட்டது. அரிசி நின்றது. கூப்பனும் பங்கீடும் சங்கக்கடை வரிசையும் வந்தன. சோறு உண்ட வாய்கள் கோதுமை மாவுக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் குரக்கனுக்கும் பழக வேண்டியதாயிற்று. வங்காளத்தில் நடந்தது இதனினும் கொடிது. பர்மா அரிசி நின்றது ஒருபுறம். யப்பானியர் கையிற் சிக்கக்கூடாதென்று கரையோரக் கிராமங்களின் அரிசியையும் படகுகளையும் பிரித்தானிய அரசு அள்ளிச் சென்றது மறுபுறம். பசித்தவனுக்குக் கப்பலில் அரிசி அனுப்ப இலண்டன் மனமிரங்காதது இன்னொரு புறம். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் வரையான மக்கள் அழிந்தனர். இதிற் பிரித்தானியரின் பங்கு பெரிது. அதை மறைப்பவன் வெள்ளையனின் வழக்கறிஞன். ஆனால் இரு சாம்ராச்சியங்கள் மோதிய மோதலில் உழவனின் வயிறே போர்க்களமாயிற்று என்பதை மறைப்பவன், மற்றைச் சாம்ராச்சியத்தின் வழக்கறிஞன்.

நீர்மூழ்கிகளின் நீள அகலங்களையும் துப்பாக்கிகளின் வாயளவையும் விரித்துரைக்கும் போர்க்கதைகளில் அரிசிக்கு ஓர் அத்தியாயம் உண்டா? அடுத்த வேளை உணவுக்காக வரிசையில் நின்ற தாய்க்கு ஒரு பக்கம் உண்டா? அவளுக்கு மறுபிறவி கொடுக்கும் விஞ்ஞானத்தை அவர்கள் ஏன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை?

ஆசிய விடுதலை என்னும் பூச்சு

“ஆனாலும் யப்பான் வெள்ளையனின் முதுகெலும்பை முறித்ததன்றோ? ஆசியாவின் விடுதலைக்கு அது வழி திறந்ததன்றோ?” என்று நம்மிடையேயும் கேட்பவர் உண்டு. சிங்கப்பூர் விழுந்த நாளில் வெள்ளையன் வெல்லமுடியாதவன் என்னும் மயக்கம் தெளிந்தது உண்மையே. நேதாசியின் சேனையிற் சேர்ந்து இந்திய விடுதலைக்குக் களம் சென்ற மலாயாத் தமிழரின் தியாகமும் உண்மையே. அந்தத் தியாகத்தின் புகழ் தியாகம் செய்தவர்களுக்கு உரியது. அதைத் திருடி யப்பானியத் தளபதியின் மார்பிற் குத்தக் கூடாது.

ஏனெனில் அதே மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்துதான் தமிழர்கள் சயாம் - பர்மா றெயில்பாதைக்கு அள்ளிச் செல்லப்பட்டனர். 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதை 1942 தொடக்கம் 1943 ஒக்டோபர் வரை காட்டையும் மலையையும் கிழித்துப் போடப்பட்டது. அதிலே ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய 90,000 பேர் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் அடியாலும் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களிற் பெருந்தொகையினர் தமிழ்க் கூலிகள். வெள்ளைக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் அங்கே இறந்தனர். அவர்களுக்குக் கல்லறை வரிசைகள் உண்டு, பெயர் பொறித்த பலகைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளியின் எலும்பு காட்டோடு காடாயிற்று. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் “சயாம் மரண ரயில்” என்னும் நாவலை எழுதி அவர்களுக்கு ஓரளவேனும் எழுத்துக் கல்லறை எழுப்பினார்.

றெயில்பாதை தரைப்படையின் வேலை, கடற்படையின் வேலையன்று என்பார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சேனையையும் தளவாடத்தையும் ஏற்றிச்சென்ற கப்பல்களுக்குக் கடலைத் திறந்துவிட்டது யார்? வீட்டுக் கதவை உடைத்துக் கொடுத்தவன், உள்ளே நடந்த கொள்ளைக்குத் தான் பொறுப்பில்லை என்று சொன்னால், நம் ஊர்ப் பஞ்சாயத்துக் கூட அதை ஏற்றுக்கொள்ளாது.

வெறும் கதைதானே?

“வெறும் பொழுதுபோக்குக் கதைக்கு இத்தனை கோபமா?” என்று கேட்கலாம். யப்பானியப் பிள்ளைகள் எல்லாரும் வரலாற்றைப் பாடநூலிற் கற்பதில்லை. அதிலும் குறைவானவர்களே நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டுவார்கள். கதையும் சித்திரமும் படமுமே ஒரு தலைமுறையின் நெஞ்சில் மனிதர்களின் முகத்தை வரைகின்றன. அந்த முகம் சாந்தமும் தீர்க்கதரிசனமும் பொருந்திய தளபதியின் முகமாகவே இருந்துவிட்டால், சுங்கிங் நகரத்துச் சாட்சி வந்து பேசும்போது அவரைப் பொய்யர் என்று எண்ணத் தோன்றும். கதை வெறும் கதையாய் இருக்கும் இடம் உலகத்தில் எங்கும் இல்லை.

விஞ்ஞானக் கதை என்னும் வகையை நாம் பழிக்கவில்லை. காலத்தைத் தாண்டும் கற்பனை, மனிதனின் மனச்சாட்சியைச் சோதிக்கவும் வல்லது. அதே யப்பானில் கவகுச்சி கைஜி 2000 தொடக்கம் 2009 வரை வரைந்து வெளியிட்ட “சிப்பாங்” என்னும் சித்திரக் கதையிலும் யமமோட்டோ வருகின்றார். இக்காலத்துப் போர்க்கப்பலொன்று 1942ஆம் ஆண்டின் மிட்வேக் கடலில் அகப்பட்டுக்கொள்கின்றது. அக்கப்பலோர் காப்பாற்றிய கடற்படை அதிகாரி ஒருவன், தன் நாட்டின் எதிர்காலம் முழுவதையும் அவர்களுடைய நூல்களிலிருந்து அறிந்துகொள்கின்றான். அறிந்தபின் அவன் சாந்தனாகிவிட்டானா? இல்லை. அணுகுண்டையே தேடி ஓடுகின்றான். எதிர்காலத்தை அறிவது வேறு, நல்லவனாவது வேறு என்ற உண்மையை அந்தக் கதை நேர்மையோடு எதிர்கொள்கின்றது. அராமாகியின் கதை அதைக் கண்டு ஒளிக்கின்றது.

இறுதியாக, மறுபிறவி பற்றி ஒரு சொல். அது நமக்குப் புதிய கற்பனையன்று. நம் சமயமும் நம் இலக்கியமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைப் பேசி வந்திருக்கின்றன. ஆனால் நம் மறுபிறவிக்கும் இந்த மறுபிறவிக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. நம்முடைய கொள்கையில், பிறவி மாறும்போது நினைவு அழிந்துவிடும். வினை மாத்திரம் உடன் வரும். செய்தது எதுவென்று தெரியாவிட்டாலும், செய்ததன் பயனை அனுபவித்தே தீரவேண்டும். இந்தக் கதையிலோ தளபதியின் நினைவு முழுவதும் உடன் வருகின்றது. வினை மாத்திரம் வழியிலே தொலைந்துவிடுகின்றது! எந்த அலையில் எந்தக் கப்பலை மூழ்கடிக்கலாம் என்பது ஞாபகம் இருக்கின்றது. எந்த நகரில் எத்தனை குழந்தைகள் எரிந்தார்கள் என்பது வந்து வருத்தவில்லை. விளக்கடியில் இருந்து கதை சொல்லும் நம் ஊர்க் கிழவிகூட இத்தகைய மறுபிறவியை ஒப்புக்கொள்ள மாட்டாள். “செய்த வினை எங்கே அப்பு?” என்று கேட்பாள்.

அந்தக் கேள்வியே நம்முடைய கேள்வியும். இதை யப்பானைப் பார்த்து மாத்திரம் கேட்டுவிட்டு நாம் ஓய்ந்துவிடக் கூடாது. போரின் கொடுமையை அறிந்த மக்கள் நாம். செத்தவர்களுக்குக் கணக்குக் கேட்டு நிற்கும் மக்கள் நாம். தளபதிகளை அளப்பதற்கு நம்மிடம் ஒரே கோல்தான் இருக்க வேண்டும். அது அந்நிய நாட்டுத் தளபதிக்கு ஒரு முழமாகவும், இத்தீவின் அரசு மாலை சூட்டும் தளபதிக்கு இன்னொரு முழமாகவும், நம் மனத்துக்கு இனிய தளபதிக்கு வேறொரு முழமாகவும் நீண்டு குறுகுமானால், நீதி கேட்கும் நம் குரலில் வலு இராது. எந்தக் கொடியின் கீழ் நின்றவராயினும், போர் வேண்டாமென்று மனத்துள் நினைத்தாரா என்பது கேள்வியன்று. நிறுத்தக்கூடிய இடத்தில் நிறுத்தினாரா என்பதே கேள்வி.

யமமோட்டோ திறமைசாலி, துணிச்சல்காரர், தாம் தோற்கக்கூடுமென்பதை முன்கூட்டியே கண்ட அறிவாளி. அத்தனையும் சேர்ந்தபின்னும், நிறுத்தக்கூடிய இடத்தில் அவர் நிறுத்தவில்லை. மிட்வேயில் அவருடைய நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களோடும் 3,000க்கு மேற்பட்ட அவர் நாட்டுப் பிள்ளைகள் மாண்டனர். குவாடல்கனால் தீவிலே பல்லாயிரம் யப்பானியச் சிப்பாய்கள் குண்டுக்கும் பசிக்கும் இரையாயினர். அவர்களுடைய தாய்மாருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். விஞ்ஞானக் கதை அவரை 1905ஆம் ஆண்டுக்கு அழைத்துச் சென்று இளைஞராக்கலாம். வெற்றிமேல் வெற்றி கொடுக்கலாம். ஆனால் மட்டக்களப்புக் கடலின் அடியிலே ஹேர்மிஸ் கிடக்கின்றது. சயாம் காட்டின் அடியிலே நம்மவர் எலும்பு கிடக்கின்றது. அவற்றைப் புரட்டி எழுதும் பேனை இன்னும் வார்க்கப்படவில்லை.